காற்றுக்கு ஏற்பப் பந்தயப் பாயைக் கட்டும் முறை: விண்ட்சர்ஃபிங் ஓட்டுநர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாய் பொருத்திய பலகையில் நின்று நீரில் ஓடும் விண்ட்சர்ஃபிங் பந்தயத்தில் பயன்படும் பாய், பொழுதுபோக்குக்காகக் கடலில் இறங்குபவர் கட்டும் பாயிலிருந்து பல வகையிலும் வேறுபட்டது. அதன் முன்விளிம்பில் பாய்மரம் நுழையும் உறை மிக அகலமானது. அந்த உறைக்குள் மூன்று அல்லது நான்கு கேம்பர்கள் இருக்கும். கேம்பர் என்பது, பாயைக் குறுக்காக விறைத்து நிறுத்தும் பேட்டன் என்னும் நீண்ட குச்சியின் முன்முனையில் பொருந்தி, பாய்மரத்தைக் கவ்வி நிற்கும் பிளாஸ்டிக் கவை. இந்த அமைப்பினால் காற்று தணிந்துபோன கணத்திலும் பாய் தன் குழிவை இழக்காமல் நிற்கிறது. அந்தக் குழிவு எங்கே ஆழமாக இருக்க வேண்டும், உச்சி எவ்வளவு திறந்துகொடுக்க வேண்டும் என்பவற்றைப் பாயை வடிவமைத்தவர் முன்பே தீர்மானித்துவிடுகிறார். ஆனால் அவர் நினைத்த வடிவம், அவர் கணக்கிட்ட அளவுக்குப் பாயை இழுத்துக் கட்டும்போதுதான் வெளிப்படும். பாயின் மேல் சுமத்தப்படும் குறைகளில் பெரும்பாலானவை கட்டியவரின் கையிலிருந்து வந்தவை என்பதும், அவற்றுள்ளும் பெரும்பங்கு கீழ்நோக்கிய இழுப்பு போதாமையால் வந்தவை என்பதும் என் கருத்து. இக்கட்டுரை அந்த இழுப்பையே மையமாக வைத்து, மற்றவற்றை அதனைச் சுற்றி விளக்குகிறது.

இங்கே முதன்மையாகப் பேசப்படுவது, மிதவைகளைச் சுற்றிச் சுற்றிப் பெரும்பாலும் பக்கக் காற்றிலும் பின்காற்றிலும் ஓடும், அடியில் ஃபின் என்னும் துடுப்பு பொருத்திய பலகைக்கான ஸ்லாலம் பந்தயத்துக்குரிய பாய்களைப் பற்றி. நீருக்கு அடியிலுள்ள இறக்கைகளால் நீரைவிட்டு எழும் ஃபாயில் பலகைக்குரிய பாய்கள் எங்கே வேறுபடுகின்றன என்பதைப் பின்னர் தனியே பார்ப்போம்.

அளவும் மரமும்

காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. 14 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கி.மீ.) வேகத்தில் வீசும் காற்று 20 நாட்டுக்கு ஏறினால் வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை என்று தோன்றும். ஆனால் அதே பாயின் மேல் விழும் விசை ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். கயிற்றை இழுத்தும் தளர்த்தியும் ஒரு பாயைச் சமாளிக்கச் செய்யக்கூடிய எல்லை இதனால் குறுகியது. சுமார் 75 கிலோ எடையுள்ளவர் ஃபின் பலகையில் 12 முதல் 16 நாட் வரை 8.5 சதுர மீட்டர் அளவிலான பாயையும், 16 முதல் 20 நாட் வரை 7.7 அளவையும், 25 நாட் வரை 7 அளவையும், அதற்கு மேல் 6.2 அல்லது 5.5 அளவையும் எடுப்பது நல்ல தொடக்கக் கணக்கு. எடை கூடியவர் இதற்கு அடுத்த பெரிய பாயையும் எடை குறைந்தவர் அடுத்த சிறியதையும் எடுக்கலாம். எதை எடுப்பது என்ற ஐயம் வந்தால், பந்தயத்தின்போது காற்று ஏறுமுகமா இறங்குமுகமா என்பதே அதைத் தீர்க்க வேண்டும். கரையில் நிற்கும் நொடியில் முகத்தில் படும் காற்று அதற்குப் போதாது.

பாய் சரியாக இருந்தும் மரம் தவறாக இருந்தால் எந்த இழுப்பும் பயன்தராது. மரத்தின் விறைப்பு ஐஎம்சிஎஸ் என்னும் எண்ணால் குறிக்கப்படுகிறது. மரத்தை இரு முனைகளிலும் தாங்கி வைத்து, நடுவில் 30 கிலோ எடையைத் தொங்கவிட்டு, அது எவ்வளவு தாழ்கிறது என்று அளந்து, மரத்தின் நீளத்தை அந்தத் தாழ்வால் வகுத்தால் அந்த எண் கிடைக்கும். 460 செ.மீ. மரத்துக்கு 25 என்பதும் 490 செ.மீ. மரத்துக்கு 29 என்பதும் வழக்கமான எண்கள். விறைப்பைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது வளைவின் பாங்கு. அடிப்பகுதியும் நுனிப்பகுதியும் நடுப்பகுதியை ஒப்பிட எவ்வளவு வளைகின்றன என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுகிறது. நுனி மிக விறைப்பான மரத்தை, நுனி வளையும் மரத்துக்கென வடிவமைத்த பாயில் நுழைத்தால், எவ்வளவு இழுத்தாலும் உச்சி இறுகியே நிற்கும். மறுதலையாக நுழைத்தால் உச்சி மட்டும் உரிய காலத்துக்கு முன்பே திறந்து, நடுப்பகுதி மூடியே கிடக்கும். இரண்டு நிலையிலும் ஓட்டுநர் கயிற்றைத்தான் குறை சொல்வார். பாயின் பையிலோ அடிப்பகுதியிலோ அச்சிடப்பட்டுள்ள மரத்தையே பயன்படுத்துவதும், முடிந்தவரை பாய்க்கும் மரத்துக்கும் ஒரே தயாரிப்பாளரை நாடுவதும் செலவாகத் தோன்றினாலும், பந்தயத்தில் இறங்குபவர் வேறெங்கு வேண்டுமானாலும் சிக்கனம் பிடிக்கலாம், இங்கே கூடாது.

கரையில் கட்டும் வரிசை

புல்தரை கிடைத்தால் மணலைத் தவிர்ப்பது நல்லது. மரத்தின் இரு துண்டுகளும் இணையும் இடத்தில் சில மணல்துகள்கள் புகுந்தாலும், பின்னர் அவற்றைப் பிரிக்க இருவர் சேர்ந்து போராட நேரும். இணைப்பைத் துடைத்து, பொருத்தியபின் அதன்மேல் மின்கம்பிகளுக்குச் சுற்றும் டேப்பை ஒருமுறை சுற்றிவிட்டால் போதும்.

பாயை விரித்து, முன்விளிம்பு காற்றை நோக்கி இருக்குமாறு கிடத்தி, மரத்தை உறைக்குள் மெல்லச் செலுத்த வேண்டும். அகலமான உறையில் மரம் கேம்பர்களுக்குப் பின்னே சென்று சிக்கிக்கொள்வது வழக்கம். எனவே உறையிலுள்ள ஜிப் வழியாகக் கையை விட்டு, ஒவ்வொரு கேம்பரையும் கடக்கும்போது மரம் உறையின் முன்மடிப்பை ஒட்டிச் செல்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நுனி உச்சிக் குல்லாயில் முழுமையாகப் பதிந்தபின், அடியில் எக்ஸ்டென்ஷன் என்னும் நீட்டிப்புக் குழாயைச் செருகலாம். அதன் அளவைக் கண்டுபிடிப்பது எளிது. பாயின் முன்விளிம்பு 484 செ.மீ. என்றும் மரம் 460 செ.மீ. என்றும் இருந்தால் குழாய் 24 செ.மீ. நீள வேண்டும். அச்சிட்ட அளவு ஒரு தொடக்கமே. முழுமையாக இழுத்தபின் பாயின் அடிக்கப்பி குழாயின் கப்பியை முட்டாமல் சிறிது இடைவெளி இருக்கும்படி இறுதி அளவை வைத்துக்கொள்ள வேண்டும். முட்டிவிட்டால் காற்று ஏறும்போது இழுக்க இடம் இருக்காது.

பாயின் அடியைக் கீழ்நோக்கி இழுக்கும் கயிற்றைக் கப்பிகளில் கோக்கும்போது ஒரு சுற்று மற்றொன்றைக் குறுக்கே கடக்காமல் பார்ப்பது முக்கியம். குறுக்கிட்ட கயிறு உராய்வைக் கூட்டும். இழுப்பவர் தன் முழு வலுவையும் செலுத்தியதால் பாய் முழுமையாக இழுபட்டுவிட்டது என்று நம்பிவிடுவார். பந்தயப் பாயைக் கையால் மட்டும் இழுப்பது இயலாத காரியம். கைப்பிடியுள்ள இழுப்புக் கருவியையோ, பல்சக்கரம் வைத்த சுழற்றியையோ பயன்படுத்த வேண்டும். காலைக் குழாயின் அடியில் ஊன்றி, முதுகை நிமிர்த்தி, கால்களின் வலுவால் இழுப்பது இடுப்பைக் காக்கும்.

முதலில் ஏறத்தாழ முக்கால் பங்கு இழுப்பைக் கொடுத்து நிறுத்தி, பூம் என்னும் கைப்பிடிச் சட்டத்தை மாட்டி, பின்மூலைக் கயிற்றைச் சற்றே இழுத்து, அதன்பின் கேம்பர்களை மரத்தின் மேல் ஏற்ற வேண்டும். பேட்டனைப் பின்னாலிருந்து உள்ளங்கையால் தள்ளினால் கேம்பர் சட்டென்று மரத்தில் அமரும். மேலிருந்து கீழாகவா, கீழிருந்து மேலாகவா என்ற வரிசை பாய்க்குப் பாய் மாறும். பாயுடன் வரும் தாளில் அது இருக்கும். எல்லாம் அமர்ந்தபின் பின்மூலைக் கயிற்றைத் தளர்த்திவிட்டு, மீதி இழுப்பைக் கொடுக்க வேண்டும். கீழிழுப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் பின்மூலைக் கயிற்றின் இழுப்பான பின்னிழுப்பை முதலில் தளர்த்துவதை மாறாத பழக்கமாகக் கொள்ள வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும்போது இழுத்தால் பாயின் தையலும் மோனோஃபிலிம் என்னும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளும்தான் அந்தச் சுமையைத் தாங்குகின்றன.

டவுன்ஹால்: பாயின் உயிர்நாடி

டவுன்ஹால் என்று ஓட்டுநர்கள் சொல்லும் கீழிழுப்பு, பாயைக் கீழே இறக்குவதற்காக மட்டும் இருப்பதன்று. அது மரத்தை வில்லாக வளைக்கிறது. மரத்தின் மேற்பாதி பின்னோக்கி வளையும்போது உச்சிக்கும் பின்விளிம்புக்கும் இடையே இருந்த விறைப்பு குறைந்து, மேற்பகுதித் தாள்கள் தளர்கின்றன. அதே வேளையில் முன்விளிம்பு இறுகுவதால் குழிவின் ஆழமான இடம் முன்னும் கீழுமாக நிலைகொள்கிறது. ஒரே கயிறு இரண்டு வேலைகளைச் செய்வதால்தான், அதை ஒரு செ.மீ. மாற்றுவது மற்ற எல்லா மாற்றங்களையும்விட அதிகமாக உணரப்படுகிறது.

உச்சி ஏன் தளர வேண்டும் என்பது புதியவர்களுக்கு எளிதில் விளங்குவதில்லை. நீர்ப்பரப்பை ஒட்டிய காற்று உராய்வால் மெதுவாகவும், நான்கைந்து மீட்டர் உயரத்தில் உள்ள காற்று வேகமாகவும் வீசுகிறது. பலகை ஓடும் வேகத்தால் முன்னிருந்து வரும் காற்றும் வீசும் காற்றும் சேர்ந்ததையே பாய் உணர்கிறது. மேலே வீசும் காற்று வலுவானது என்பதால் அங்கே இந்தச் சேர்க்கை சற்றுப் பின்னிருந்து வருவதுபோல் அமைகிறது. அடிப்பகுதிக்குப் பொருந்தும் கோணத்திலேயே உச்சியும் நின்றால், அது தேவைக்கு மேல் மூடியிருக்கும். அங்கே பிறக்கும் விசை முன்னே தள்ளுவதைக் காட்டிலும் ஓட்டுநரைக் கவிழ்க்கவே அதிகம் உதவும், ஏனெனில் நெம்புகோலின் நீளமான முனை அதுதான். உச்சி தானாகத் திறந்துகொடுத்தால் வீச்சுக் காற்று வரும்போது மிகுதி வெளியேறி, ஓட்டுநர் கையைத் தளர்த்தாமலேயே வேகத்தைத் தக்கவைக்கலாம். காற்று விலகியதும் மரத்தின் மீள்விசையால் பாய் பழைய வடிவுக்குத் திரும்பும்.

சரியான அளவைப் படிப்பதற்குப் பாயைத் தரையில் கிடத்தி, மேலுள்ள பேட்டன்களுக்கு இடைப்பட்ட தாள்களைப் பார்க்க வேண்டும். பின்விளிம்பிலிருந்து மரத்தை நோக்கித் தளர்ச்சி எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது என்பதே அளவுகோல். ஸ்லாலம் பாயில் நடுத்தர இழுப்பின்போது, உச்சியிலிருந்து இரண்டாவது, மூன்றாவது பேட்டன்களுக்கு இடையில் தளர்ச்சி ஏறத்தாழ அகலத்தின் பாதிவரை வந்திருக்கும். வலுத்த காற்றுக்குரிய இழுப்பில் அது இன்னும் உள்ளே வருவதோடு, அடுத்த பேட்டன் இடைவெளியிலும் தோன்றும். பல தயாரிப்பாளர்கள் குறைந்தபட்ச, அதிகபட்ச இழுப்புக்கான எல்லைகளைப் பாயின் மேலேயே புள்ளிகளாக அச்சிட்டிருக்கிறார்கள். இவ்விரு புள்ளிகளுக்கும் இடைப்பட்ட கயிற்றளவு வழக்கமாக ஓரிரு செ.மீ. மட்டுமே என்பதால், ‘கொஞ்சம் இழுத்தேன்’, ‘கொஞ்சம் விட்டேன்’ என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. குழாயிலோ கயிற்றிலோ குறி இட்டு, அளந்து மாற்ற வேண்டும்.

தரையில் பார்த்தது போதாது. பாயை நிமிர்த்தி, காற்றில் சற்றே நிரப்பி, அடியிலிருந்து அண்ணாந்து மேலே பார்க்க வேண்டும். அடியிலிருந்து உச்சிவரை ஒவ்வொரு பேட்டனும் முந்தையதைவிடச் சிறிது கூடுதலாக வெளியே திரும்பி, இடையில் உடைவு இல்லாத ஒரே தொடர்ச்சியாகத் தெரிந்தால் இழுப்பும் மரமும் பொருந்தியுள்ளன என்று கொள்ளலாம். நடுவில் ஓரிடம்வரை மூடியிருந்து, அதற்கு மேல் வாழையிலையின் கிழிந்த ஓரம்போல் ஒரேயடியாக மடங்கினால் மரத்தின் வளைவு பாய்க்கு ஒவ்வவில்லை.

தரையில் கிடக்கும்போது முழுமையாக இழுத்த பந்தயப் பாய் அழகாக இருக்காது. மேற்பகுதி சுருங்கி, தொய்ந்து, கெட்டுப்போனதுபோல் தெரியும். தாள் மொழுமொழுவென்று நிற்கும் அளவுக்குத் தளர்த்திக் கட்டுபவர் கண்ணுக்கு விருந்து வைக்கிறார். நீரில் இறங்கிய சிறிது நேரத்தில் அவருடைய பின்கை அதற்கு விலை கொடுக்கும்.

பின்னிழுப்பு, பேட்டன், பூம்

அவுட்ஹால் எனப்படும் பின்னிழுப்பு, பூமுக்குக் கீழும் மேலுமாகப் பாயின் கீழ்ப்பகுதிக் குழிவை ஆள்கிறது. அதைக் கூட்டினால் கீழ்ப்பகுதி தட்டையாகும். வேகமும் கட்டுப்பாடும் கூடும், தொடக்க இழுவை குறையும். குறைத்தால் குழிவு ஆழமாகி இழுவை கூடும். பாயைக் கட்டியதும் பின்மூலை பூமின் முனைக்குத் தானாக எங்கே வந்து நிற்கிறதோ அந்த இடத்தைச் சுழியமாகக் கொண்டு, அங்கிருந்து ஓரிரண்டு செ.மீ. இழுத்துத் தொடங்குவது பெரும்பாலான பாய்களுக்குப் பொருந்தும். ஓடும்போது காற்றின் மறுபக்கத்தில் பாய் பூமின் மேல் அழுத்தமாகச் சாய்ந்தால் பின்னிழுப்பு போதவில்லை. லேசாகத் தொட்டு விலகினால் கவலை வேண்டாம்.

கேம்பர்கள் மரத்தைச் சுற்றித் திரும்புவதையும் இங்கேதான் சோதிக்க வேண்டும். திருப்பத்தின்போது பூமை ஒரு வெட்டு வெட்டினால் அவை மறுபக்கம் புரள வேண்டும். புரள மறுத்தால் முதலில் கீழிழுப்பும் பின்னிழுப்பும் குறைவாக உள்ளனவா என்று பார்த்து, பிறகே கேம்பருக்குப் பின்னே இடைவெளியை நிரப்பும் சிறு வில்லைகளைக் குறைக்க வேண்டும். மாறாக, கேம்பர் மரத்தை விட்டுக் கழன்றுவிடுகிறது என்றால் வில்லை ஒன்றைக் கூட்ட வேண்டும்.

பேட்டன்களைப் பொறுத்தவரை ஒரே விதிதான். கீழிழுப்பு முழுமையாக இருக்கும் நிலையில், பேட்டன் பைக்குக் குறுக்கே நிற்கும் சிறு சுருக்கங்கள் மறையும்வரை திருகியை முறுக்கி, அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் முறுக்குவது குழிவைக் கூட்டுவதாகச் சிலர் நினைக்கிறார்கள். அது கேம்பர்களைத் திரும்பவிடாமல் அடிப்பதிலேயே முடிகிறது.

பூமின் உயரம், பலகையின் மேல் நிற்கும்போது தோளுக்கும் தாடைக்கும் இடையில் இருப்பது ஃபின் பலகைக்கு ஏற்றது. மெல்லிய காற்றில் தாடையை நோக்கி ஏற்றலாம். அலை அடிக்கும் வலுத்த காற்றில் தோளை நோக்கி இறக்கலாம். ஓட்டுநர் இடுப்பில் அணியும் பட்டையான ஹார்னஸைப் பூமோடு இணைக்கும் கயிறுகளைப் பாயின் இழுவை மையத்தில் கட்ட வேண்டும். பின்கை வலித்தால் கயிற்றைப் பின்னுக்கும், முன்கை வலித்தால் முன்னுக்கும் நகர்த்துவது பாடப்புத்தக விதி. ஆனால் கீழிழுப்பு குறைவாக இருந்தால், காற்று ஏறும்தோறும் குழிவு பின்னோக்கி நகர்ந்து, பின்கையே முதலில் வலிக்கும். அந்நிலையில் கயிற்றை நகர்த்தினால், நோய் இருக்க அதன் அறிகுறி மட்டும் மறையும். எனவே டவுன்ஹாலைச் சரிபார்க்காமல் ஹார்னஸ் கயிற்றில் கை வைக்கக் கூடாது.

இரண்டு காற்றுகள்: கார்டா ஏரியின் எடுத்துக்காட்டு

பாயைக் காற்றுக்கேற்ப மாற்றுவதைக் கற்க, வட இத்தாலியின் கார்டா ஏரியைப்போல் பொருத்தமான இடம் குறைவு. ஏரியின் வடமுனையில், இருபுறமும் மலைகள் நெருங்கி நிற்கும் டோர்போலே என்ற ஊரில், நல்ல வானிலையுள்ள கோடை நாளில் இரண்டு காற்றுகள் முறைவைத்து வீசுகின்றன. பெலேர் என்னும் வடகாற்று விடியலுக்கு முன்பே மலைப்பக்கமிருந்து இறங்கி, காலையில் வலுத்து, முற்பகலில் தணிந்துவிடும். நண்பகலை ஒட்டி ஓரா என்னும் தென்காற்று சமவெளிப் பக்கமிருந்து எழுந்து, பிற்பகல் நடுவில் உச்சத்தை அடைந்து, மாலையில் ஓயும். பந்தயங்கள் இவ்விரு காற்றுகளையும் நம்பி நடத்தப்படுகின்றன.

ஓராவில் பந்தயம் தொடங்கும் வேளையில் 12 நாட் இருக்கலாம். அடுத்தடுத்த சுற்றுகளில் 18 நாட்டைத் தொடலாம். இங்கே தொடக்கக் காற்றுக்குப் பொருந்தும் பெரிய பாயை எடுத்தாலும், அதை அதன் நடுத்தர இழுப்புக்குக் குறையாமல் கட்டி, மெல்லிய காற்றுக்குத் தேவையான இழுவையைப் பின்னிழுப்பைத் தளர்த்திப் பெறுவதே சரியான வழி. காற்று ஏறும்போது பின்னிழுப்பை ஒரு செ.மீ., மேலும் ஒரு செ.மீ. என்று கூட்டிக்கொண்டே போகலாம். அதை நீரிலேயே, பூமின் மேல் ஓடும் கயிற்றைக் கொண்டு செய்ய முடியும். கீழிழுப்பைக் குறைத்துக் கட்டியிருந்தாலோ, கரைக்குத் திரும்பி வந்தால்தான் சரிசெய்ய முடியும். மெல்லிய காற்று என்றவுடன் டவுன்ஹாலைத் தளர்த்தும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படித் தளர்த்திய பாய் கரையில் வலுவாகத் தோன்றினாலும், பலகை நீரின் மேல் எழுந்து சறுக்கத் தொடங்கியதும் குழிவு பின்னே நகர்ந்து, உச்சி மூடி, ஓட்டத்தைத் தடுக்கிறது. எனவே மெல்லிய காற்றுக்கும் நடுத்தர இழுப்பிலிருந்து ஒரு செ.மீ.க்கு மேல் தளர்த்த வேண்டிய தேவை அரிதாகவே வரும்.

மெல்லிய காற்றில் பலகையை விரைவாகச் சறுக்கவைக்க, பாய்மரம் ஊன்றும் மாஸ்ட்ஃபுட் என்னும் அடிக்கட்டையைப் பலகையின் தடத்தில் சற்றுப் பின்னுக்கு நகர்த்தலாம். முன்பக்கம் லேசாகி, பலகை நீரைக் குறைவாகத் தொடும். ஒரே நேரத்தில் ஒரு செ.மீ. போதும்.

பெலேரின் கணக்கு நேரெதிரானது. அதிகாலையில் 20 நாட்டுக்கு மேல் வீசும் காற்றுக்கென்று மிகச் சிறிய பாயைக் கட்டியவர், பந்தயம் முடியுமுன் காற்று சரிந்து, திருப்பங்களுக்குப் பின் மீண்டும் சறுக்க முடியாமல் நின்றுவிடக்கூடும். தணியப்போகும் காற்றில், தாங்கக்கூடிய பெரிய பாயை எடுத்து, அதை அதிகபட்சப் புள்ளிவரை இழுத்துக் கட்டித் தொடங்குவதே மேல். உச்சி முழுமையாகத் திறந்து நிற்கும் அந்தப் பாய் முதல் சுற்றுகளில் கையை முறுக்கினாலும் கட்டுக்குள் இருக்கும். பிறகு பின்னிழுப்பைத் தளர்த்தி இழுவையை மீட்கலாம்.

வலுத்த காற்றில் செய்ய வேண்டியவற்றின் வரிசையை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். முதலில் டவுன்ஹால், அதன் அதிகபட்சப் புள்ளிவரை. அடுத்து அவுட்ஹால், கீழ்ப்பகுதி தட்டையாகும்வரை. அதற்குப் பின் பூமைச் சற்று இறக்குவதும், மாஸ்ட்ஃபுட்டை முன்னே நகர்த்திப் பலகையின் மூக்கை அழுத்துவதும். இவ்வளவுக்குப் பிறகும் கட்டுப்படவில்லை என்றால் பாயை மாற்ற வேண்டும். அதிகபட்சப் புள்ளியைத் தாண்டி இழுப்பவரும் உண்டு. அந்த நிலையில் பாயின் மேற்பாதி வேலையே செய்யாமல் படபடத்து, வெறும் இழுதடையாக நிற்கும். அதற்குச் சிறிய பாயையே கட்டியிருக்கலாம்.

மலையிடுக்கில் வருவதுபோல் விட்டுவிட்டு அடிக்கும் காற்றில் சராசரிக்கு ஏற்பப் பாயைக் கட்டினால், வீச்சிலும் வெறுமையிலும் இரண்டிலுமே அது பொருந்தாது. கீழிழுப்பை வீச்சின் உச்சத்துக்கும், பின்னிழுப்பை வெறுமைக்கும் பொருத்தி வைப்பது என் வழக்கம். உச்சி திறந்துகொடுக்கும் பாயில் குழிவு சற்று ஆழமாக இருப்பது தொல்லை தருவதில்லை. உச்சி மூடிய பாயில் அதே குழிவு ஓட்டுநரைத் தூக்கி எறிந்துவிடும்.

ஒரே பாய் மட்டும் அனுமதிக்கப்படும்போது

ஸ்லாலத்தில் காற்றுக்கேற்பப் பாயை மாற்றலாம். ஒலிம்பிக் வகுப்பில் அது முடியாது. 2008 பெய்ஜிங் முதல் 2020 டோக்கியோ ஒலிம்பிக் வரை பயன்பட்ட ஆர்எஸ்:எக்ஸ் வகுப்பில் ஆண்களுக்கு 9.5, பெண்களுக்கு 8.5 சதுர மீட்டர் பாய். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், மார்செய் நகரின் கடற்பரப்பில் முதன்முறையாக இடம்பெற்ற ஐக்யூஃபாயில் வகுப்பில் ஆண்களுக்கு 9.0, பெண்களுக்கு 8.0. காற்று தவழ்ந்தாலும் சீறினாலும் அதே பாய்தான் என்பதால், கட்டும் கலை இங்கே முழுமையாகச் சோதிக்கப்படுகிறது.

நீருக்கு அடியில் இறக்கைகளைக் கொண்ட ஃபாயில், பலகையை நீரைவிட்டுத் தூக்கிவிடுவதால் தடை மிகக் குறைந்து, மெல்லிய காற்றிலும் வேகம் கிடைக்கிறது. அவ்வேகத்தால் பாய் உணரும் காற்று எப்போதும் முன்பக்கமிருந்தே வருகிறது. அதனால் ஃபாயில் பாய்கள் ஸ்லாலம் பாய்களைவிட உயர்ந்து ஒடுங்கியும், பின்விளிம்பு இறுக்கமாகவும் வடிவமைக்கப்படுகின்றன. பலகையை எழுப்ப ஓட்டுநர் பாயை மீண்டும் மீண்டும் வீசி இழுப்பதுண்டு. உச்சி மிகத் தளர்ந்திருந்தால் அந்த உழைப்பு காற்றோடு போய்விடும். ஆகவே மேலே சொன்ன தளர்ச்சி அளவுகளை ஃபாயில் பாய்க்கு அப்படியே எடுத்துச் செல்லக் கூடாது. மெல்லிய காற்றில் தளர்ச்சி உச்சியின் முதல் இடைவெளிகளில் மட்டும் சிறிதளவு தெரிந்தால் போதும். காற்று ஏறும்போது ஒரு செ.மீ.க்கும் குறைவான படிகளில் கூட்டலாம்.

பந்தயத்தின் நடுவே ஓட்டுநரின் கைக்கு எட்டுவது அவுட்ஹால் மட்டுமே. எதிர்க்காற்றில் ஏறும் கட்டத்தில் அதை இழுத்துப் பாயைத் தட்டையாக்கி, கோணத்தையும் கட்டுப்பாட்டையும் பெறுவர். மேல்மிதவையைச் சுற்றிப் பின்காற்றில் இறங்கியவுடன் தளர்த்திக் குழிவை மீட்பர். பூமைத் தாடைக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரத்தில் வைப்பது ஃபாயிலுக்கு வழக்கம். பலகை நீருக்கு மேல் எழும்போது ஓட்டுநர் வெளியே சாய்ந்து தொங்குவதற்கு அந்த உயரம் உதவுகிறது.

நீரில் தெரியும் அறிகுறிகள்

கட்டியபின் நேராகத் தொடக்கக் கோட்டுக்குச் செல்லாமல், ஓரிரு ஓட்டங்கள் ஓடிப் பார்த்துத் திரும்புவது அவசியம். வீச்சு வந்தவுடன் பின்கை சுமையாகி, பாயைத் திறந்துவிட மனம் தூண்டினால் டவுன்ஹால் குறைவு. பாய் கையில் பஞ்சுபோல் லேசாக இருந்தும், அருகில் ஓடுபவர் விலகிச் சென்றுகொண்டே இருந்தால் ஏதோ ஒரு இழுப்பு மிகுந்துவிட்டது. முதலில் அவுட்ஹாலையும் அது போதாவிட்டால் டவுன்ஹாலையும் தளர்த்திப் பார்க்க வேண்டும். பலகையின் மூக்கு துள்ளிக்கொண்டே இருந்தால் பூம் உயரமாக உள்ளதா, மாஸ்ட்ஃபுட் மிகப் பின்னால் உள்ளதா என்று பார்க்கலாம். பலகையின் காற்றுப்பக்க விளிம்பு தூக்கிக்கொள்கிறது என்றால் பாயைத் தொடவே வேண்டாம். பெரும்பாலும் ஃபின்தான் காற்றுக்குப் பெரிதாக இருக்கும்.

ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, அந்த ஒன்றின் விளைவை உணர்ந்தபின் அடுத்ததற்குச் செல்ல வேண்டும். ஒவ்வொரு பாய்க்கும் மரம், குழாயின் நீளம், பூமின் நீளம், இழுப்புக் குறிகள், அன்றைய காற்று ஆகியவற்றை எழுதி வைத்திருப்பவர், பந்தயக் காலையில் மற்றவர்கள் தடுமாறும்போது நிம்மதியாகத் தேநீர் குடிக்கலாம்.

பிரித்து வைத்தல்

பிரிக்கும்போது அவுட்ஹாலை முதலிலும் டவுன்ஹாலை அடுத்தும் தளர்த்த வேண்டும். கீழிழுப்பு பாதி இறங்கியதும் கேம்பர்களை மரத்திலிருந்து கழற்றிவிட்டால், மரம் உறையை விட்டுச் சிக்கலின்றி வெளிவரும். கடலில் ஓடியிருந்தால் கப்பிகளையும் மர இணைப்பையும் பூமின் பூட்டுகளையும் நன்னீரால் கழுவ வேண்டும். உப்புப் படிந்த கப்பிதான் அடுத்த நாள் இழுப்பை மறைமுகமாகத் திருடுவது. பாயை உச்சியிலிருந்து அடிநோக்கிப் பேட்டன்களுக்கு இணையாகச் சுருட்டி, உலர்ந்தபின் பையில் இட வேண்டும். வெயிலில் விரித்துப் போட்டு உலர்த்துவது கூடாது, ஏனெனில் மோனோஃபிலிம் தாளைப் புற ஊதாக் கதிர்கள் மங்கவும் நொறுங்கவும் செய்கின்றன. நீண்ட நாள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பேட்டன் திருகிகளைச் சில சுற்றுகள் தளர்த்தி வைத்து, அடுத்தமுறை கீழிழுப்பைக் கொடுத்தபின் மீண்டும் இறுக்கிக்கொள்ளலாம்.